கல்லில் நிற்கும் கோவிவன்

மாணவர்களே, திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. எருமைகளைக் காத்து மடிந்த வீரனோடு அதில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் இரு கள்வரைக் கடித்துக் காத்திருந்ததாக வட்டெழுத்து கூறுகிறது.

இதன் வயதை எப்படி அறிவது? 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும் கார்பன் 14, உயிர் வாழ்ந்த எலும்பு, மரம் போன்றவற்றின் வயதையே காட்டும், கல்லுக்கு உதவாது. பாறையின் வயதைக் கணித்தாலும், அது பாறை தோன்றிய காலமே. உளி பட்ட காலம் அன்று. ஆகவே எழுத்தின் வடிவமும், அதில் குறித்துள்ள மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுமே சான்று. காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டு.

உங்கள் ஊர் நடுகல்லுக்குச் சுண்ணாம்பு பூச விடாதீர்கள். எழுத்து அழிந்தால் அதன் காலத்தை எந்தக் கருவியாலும் மீட்பது அரிது.