கப்பலின் நீளம் எவ்வளவு?

குழந்தைகளே! பள்ளியில் உங்கள் உயரத்தை எப்படி அளக்கிறார்கள்? சுவரோடு ஒட்டி நிற்க வைத்து, பாதத்திலிருந்து உச்சந்தலை வரை அளக்கிறார்கள். கப்பலின் நீளத்தை அளப்பதும் அதேபோல எளிதுதானே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

பெரும்பாலான கப்பல்களின் முன்பகுதி தண்ணீருக்கு மேலே முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் நீர்மட்டத்தில் அளந்தால் ஒரு நீளம் வரும். முன்முனையிலிருந்து பின்முனை வரை அளந்தால் அதைவிட அதிகமாக வரும். இதில் எது சரி?

கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, 1972-ஆம் ஆண்டு உலக நாடுகள் கூடி விதிகளை வகுத்தன. 1977 ஜூலை 15 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. அந்த விதிகளின்படி, நீளம் என்றால் முழு நீளம். அகலம் என்றால் மிக அகலமான இடத்தின் அகலம். நியாயம்தானே? நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குதானே முதலில் போய் இடிக்கும்!

விளக்கு சொல்லும் சேதி

இந்த நீளத்தை வைத்துத்தான் கப்பல் எத்தனை விளக்கு ஏற்ற வேண்டும் என்று முடிவாகிறது. இரவில் ஓடும் இயந்திரக் கப்பலுக்கு இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை, உயரத்தில் வெள்ளை விளக்கு உண்டு. பின்புறமும் ஒரு வெள்ளை விளக்கு எரியும். நீளம் 50 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், உயரத்தில் இன்னொரு வெள்ளை விளக்கும் கட்டாயம். அது முன்விளக்குக்குப் பின்னால், அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

நீங்கள் இருட்டில் ஒரு சிறு படகில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் அந்த இரண்டு வெள்ளை விளக்குகள் தெரிகின்றன. தாழ்ந்த விளக்கு இடப்பக்கம் இருந்தால், கப்பல் இடப்பக்கமாகப் போகிறது. வலப்பக்கம் இருந்தால் வலப்பக்கமாகப் போகிறது. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரிந்தால்? ஆபத்து! கப்பல் நேராக உங்களை நோக்கி வருகிறது!

காதாலும் அறியலாம்

மூடுபனியில் விளக்கு தெரியாது. அப்போது ஒலிதான் துணை. 12 மீட்டர் முதல் ஊதல் வேண்டும். 20 மீட்டர் முதல் மணியும் வேண்டும். 100 மீட்டர் முதல் சேகண்டியும் சேர்ந்துகொள்ளும்.

100 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள கப்பல் மூடுபனியில் நங்கூரமிட்டு நின்றால், முன்பகுதியில் சுமார் 5 விநாடி மணி அடிப்பார்கள். உடனே பின்பகுதியில் 5 விநாடி சேகண்டி ஒலிக்கும். மணி ஓரிடம், சேகண்டி வேறிடம். கண்ணுக்குத் தெரியாத கப்பலின் இரு முனைகளையும் காதே காட்டிக் கொடுத்துவிடும்!

நாளை விளையாட்டு மைதானத்தில் 100 மீட்டர் ஓட்டக் கோட்டின் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பாருங்கள். அவ்வளவு நீளமான கப்பல் இருட்டில் எதிரே வந்தால், அதன் விளக்குகளைப் படிக்கத் தெரிந்தவர்தான் சரியான நேரத்தில் விலகுவார்!