கெமரா கண்டது எத்தனை நாளைக்கு இருக்கும்?



வீட்டுக்கும் கடைக்கும் கெமரா பூட்டுவது இன்று சாதாரண விடயமாகிவிட்டது. எத்தனை கெமரா, என்ன விலை என்றெல்லாம் விசாரிக்கிறோம். அது பதிந்த காட்சி எங்கே இருக்கிறது, எத்தனை நாளைக்கு அழியாமல் இருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. நானும் கேட்கவில்லை. அதனால் ஒரு நல்ல பையனின் மனதை நோகடித்தேன்.

காத்தான்குடியிலிருந்து வலையிறவுப் பாலம் கடந்து வவுணதீவுக்குப் போய் நெல் வாங்கி விற்பது எனது தொழில். அங்கே வாடகைக்கு எடுத்த வீட்டின் முன்பகுதிதான் நெல் அடுக்கும் இடம். அறுவடைக் காலத்தில் பின்னறையில் தங்கிக்கொள்வேன்.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் களவுப் பயம் கூடியபோது இரண்டு கெமரா வாங்கினேன். காட்சிகளை இணையம் வழியாகக் கம்பனியின் களஞ்சியத்தில் வைக்கலாம், மாதாமாதம் டொலரில் கட்ட வேண்டும் என்றார்கள். அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியது. எனக்குக் கட்டுப்படியாகாது. கெமராவோடு வந்த சிறிய பெட்டியில் 64 ஜீபி பென் ட்ரைவ் ஒன்றைச் செருகிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அடுத்த பெரும்போக அறுவடையில் கணக்குப் பார்த்தபோது மூன்று மூடை நெல் குறைந்தது. மூடை ஏற்றி இறக்கும் படுவான்கரைப் பையனிடம் கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை என்பது இப்போது விளங்குகிறது. அவன் ஒன்றுதான் சொன்னான்: "நான் எடுக்கல்ல காக்கா. நீங்க கெமராவைப் பாருங்களன்."

பார்த்தேன். மூடைகள் குறைந்து ஆறு நாள் ஆகியிருந்தது. பென் ட்ரைவில் இருந்ததோ கடைசி மூன்று நாட்கள் மட்டும். இடம் நிறைந்ததும் பழைய காட்சியை அழித்துவிட்டுப் புதியதைப் பதிவதுதான் அதன் வழக்கம். மறுநாளிலிருந்து பையன் வேலைக்கு வரவில்லை.

சாட்சி இல்லாத இடத்தில் சந்தேகம் எந்தப் பக்கமும் சாயும். வவுணதீவு மக்களுக்கு இது புதிதல்ல. 2018 நவம்பர் 30ஆம் திகதி அங்கே காவற்கடமையில் இருந்த இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டபோது, முன்னாள் போராளிகள் மீதே முதலில் சந்தேகம் விழுந்தது. ஒருவர் மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தார். 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னர்தான் விசாரணை சஹ்ரான் குழுவின் பக்கம் திரும்பியது. அதன் பிறகு அதே சந்தேகப் பார்வையைக் குற்றமறியாத நம்மவர்களும் சுமந்தோம். அந்த வலி தெரிந்த நானே, ஒரு பையன் மீது அதை ஏற்றிவிட்டேன்.

இரண்டு வாரத்தில் உண்மை தெரிந்தது. மூன்று மூடையையும் மாதிரிக்காக ஆலைக்கு அனுப்பியது நானேதான். துண்டு வேறொரு கொப்பிக்குள் கிடந்தது. அவனுடைய வீட்டுக்குப் போய், தாயின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். அல்ஹம்துலில்லாஹ், மீண்டும் வந்தான்.

அதன் பின்னர் விசாரித்து அறிந்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, கணக்கு. ஒரு கெமரா விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் இடைவிடாது பதிந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21.6 ஜீபி வேண்டும். 64 ஜீபி மூன்று நாளைக்குத்தான் காணும்; 256 ஜீபி பதினொரு நாளைக்குக் காணும். இரண்டு கெமரா என்றால் அதில் பாதி. ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் பதியும்படி வைத்தால் நாட்கள் கூடும். எச்.265 முறையில் பதியும் கெமராவுக்கு இடம் குறைவாகப் போதும்.

இரண்டாவது, தேய்மானம். பென் ட்ரைவ் கோப்புகளைக் கொண்டு திரிவதற்கு உருவானது. இரவு பகலாக அழித்து அழித்து எழுதினால் சீக்கிரம் பழுதாகும். பழுதானதை அது சொல்லாது. இடைவிடாத பதிவுக்கு, பெட்டி ஏற்குமானால், கண்காணிப்புக்கென்றே செய்யப்பட்ட ஹார்ட் டிஸ்க் நல்லது.

மூன்றாவது, பாதுகாப்பு. கள்வன் பெட்டியையும் தூக்கிப்போனால் சாட்சியும் போய்விடும். கண்ணில் படாத, பூட்டிய இடத்தில் வையுங்கள். மின்வெட்டுக்கு ஒரு சிறிய யூபிஎஸ் வேண்டும். மின்சாரம் வந்ததும் திகதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். நேரம் பிழைத்த காட்சியை எவரும் இலகுவில் மறுத்துவிடுவார்கள்.

நான்காவது, சட்டம். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம், சம்பவ நேரத்தில் பதிவான ஒலி, ஒளிப் பதிவுகளை நீதிமன்றம் ஏற்க வழி செய்கிறது. விளக்கத்துக்கு 45 நாட்களுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவிக்க வேண்டும். பதிவில் கைவைத்திருக்கக் கூடாது. ஆகவே ஏதும் நடந்தால் அன்றைக்கே அந்தப் பகுதியைப் பிரதி எடுத்து, பென் ட்ரைவைக் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றைச் செருகுங்கள்.

காட்சி நம் கையில் இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. அமேசானின் ரிங் நிறுவன ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் வீட்டுக் காட்சிகளைப் பார்த்த விவகாரத்தில், 2023இல் 58 இலட்சம் டொலர் செலுத்த அந்த நிறுவனம் அமெரிக்க அரச ஆணைக்குழுவுடன் இணங்கியது. நம் வீட்டுப் பெண்களின் காட்சி யாரோ ஒருவர் கையில் போவதை நாம் விரும்புவோமா? அதேபோல், நமது கெமராவும் அடுத்த வீட்டு முற்றத்தை எட்டிப் பார்க்கக் கூடாது. பிறரின் அந்தரங்கமும் அமானிதம்தான்.

சென்ற போகத்தில் ஒரு விவசாயி வந்தார். "பன்னிரண்டு மூடை தந்தன், பதினொன்டுக்குத்தான் காசு வந்திருக்கு" என்றார். என் கொப்பியில் பதினொன்று. இம்முறை வாதாடவில்லை. கதிரை போட்டு உட்காரவைத்து, இருவரும் சேர்ந்து ஒன்பது நாளுக்கு முந்திய காட்சியைப் பார்த்தோம். மூடைகளை எண்ணினோம். பன்னிரண்டு. பிழை என்னுடையது. காசைக் கொடுத்துவிட்டுத் தேநீரும் கொடுத்தேன். இந்தப் போகமும் நெல்லை எனக்கே தந்தார்.

இன்றிரவு கடையடைத்த பின் உங்கள் பெட்டியைத் திறந்து, அதிலுள்ள ஆகப் பழைய காட்சியின் திகதியைப் பாருங்கள். நீங்கள் கணக்குப் பார்ப்பது வாரத்துக்கொரு முறையா, மாதத்துக்கொரு முறையா? அத்தனை நாளாவது காட்சி இருக்கட்டும். அதற்கு முன் எவரையும் விரல் நீட்டாதீர்கள்.