இரண்டு மூட்டை யூரியாவும் ஒரு ஏக்கர் மலைவேம்பும்

கோவையை அடுத்த தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னை, பாக்குத் தோப்புகளை ஒட்டி மலைவேம்பும் தேக்கும் வளர்கின்றன. மரம் வைத்தவரின் கணக்கில் கன்று, குழி, ஆள்கூலி, சொட்டுக்குழாய், கடைசியில் டன் விலை எல்லாம் இருக்கும். மண்ணுக்குள் நுண்ணுயிர்கள் காற்றில் விடுவதும் காற்றிலிருந்து எடுப்பதும் அதில் ஏறுவதில்லை. ஒரு ஏக்கருக்கு அதை எழுதிப் பார்ப்போம்.

முதலில் செலவு. ஆண்டுக்கு 2 மூட்டை யூரியா என்று வைத்துக்கொள்வோம். மூட்டை 45 கிலோ, 266 ரூபாய் 50 காசு. ஆக 533 ரூபாய். அந்த 90 கிலோவில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது 41.4 கிலோ. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக்கும். ஈரம் மிஞ்சி மண்ணில் காற்று அடைபட்டால், வேறொரு வகை ஆக்சிஜனுக்குப் பதில் அந்த நைட்ரேட்டைக் கொண்டே சுவாசிக்கும். இரண்டு வேலையிலும் நைட்ரஸ் ஆக்சைடு கசியும். பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 வழிகாட்டிச் சராசரிப்படி, இட்ட தழைச்சத்தில் 1 சதவீதம் இப்படிப் போகிறது: 0.414 கிலோ. வாயுவாக எடை போட்டால் 0.65 கிலோ. நூறாண்டுக் கணக்கில் இது கரியமில வாயுவைவிட 273 மடங்கு சூடேற்றும் என்பதால் 178 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். யூரியா சிதையும்போது நேராகவே வெளிவருவது 66 கிலோ. மொத்தம் 244.

ரூபாயில் அந்த 1 சதவீதம் 5 ரூபாய் 33 காசு. இதற்காக யார் பாசனத்தை மாற்றுவார்? மானியம் இல்லாத மூட்டை விலை சுமார் 2,200 ரூபாய் என்று 2023-இல் மத்திய அரசு சொன்னது. அப்படிப் போட்டாலும் இழப்பு 44 ரூபாய்தான்.

2019-இல் ஐ.பி.சி.சி. இந்தச் சராசரியைப் பிரித்தது. வெப்பமண்டலத்தில் ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் 1.6 சதவீதம், கீழே என்றால் 0.5. கோவை நகரத்து மழை 700 மில்லிமீட்டரைச் சுற்றியே இருக்கும். சிறுவாணி மலையில் அது 1,000-ஐ எளிதாகத் தாண்டும். தொண்டாமுத்தூர் இரண்டுக்கும் நடுவில். அதே 2 மூட்டைக்கு நைட்ரஸ் ஆக்சைடின் பங்கு மட்டும், 178-க்குப் பதிலாக, சமவெளித் தோப்பில் 89 கிலோ, மலையடி ஈரத்தில் 284.

வரவும் உண்டு. காற்றோட்டமுள்ள மண்ணில் மீத்தேனை உண்ணும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. உலக அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடி டன்னைத் தீர்க்கின்றன. ஹெக்டேருக்கு 3 கிலோ என்று கொண்டால் ஏக்கருக்கு 1.2 கிலோ. மீத்தேன் 27 மடங்கு சூடேற்றும் என்பதால் இது 32 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அம்மோனியம் கூடினால் இவை மந்தமாகும். யூரியா செலவைக் கூட்டிய கையோடு வரவையும் குறைக்கிறது.

சருகுக்கு வருவோம். ஒரு டன் காய்ந்த சருகு மட்கினாலும் எரிந்தாலும் கரியமில வாயு வரத்தான் செய்யும். எரித்தால் மீத்தேன் 2.7 கிலோ, நைட்ரஸ் ஆக்சைடு 0.07 கிலோ என 92 கிலோவுக்குச் சமமானது உபரி. மட்கவிட்டால் ஒரு பங்கு மண்ணிலேயே தங்கும்.

பெரிய தொகை அந்தப் பங்கில்தான் இருக்கிறது. ஓர் ஏக்கரில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் சுமார் 1,580 டன். மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே போனால் ‘குறைவு’. அந்த 0.5 என்பதே 7.9 டன் கரிமம். கரியமில வாயுவாக 29 டன். 0.5 என்பது 0.6 ஆனால் 5.8 டன் சேமிப்பு, அதாவது யூரியாவின் 24 ஆண்டுச் செலவு. ஏறப் பல ஆண்டு பிடிக்கும். ஓரளவில் நின்றும் விடும்.

இறங்குவது சுலபம். மரத்தை வெட்டி ஏற்றிய பிறகு கட்டையைப் பிடுங்க ஜே.சி.பி. வரும், தொடர்ந்து ஆழ உழவு. புரண்ட மண்ணில் காற்றும் வெயிலும் படப்பட, மூடிக்கிடந்த கரிமத்தை நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கும். மலைவேம்பு கட்டையிலிருந்தே துளிர்க்கும் மரம். துளிரில் ஒன்றை விட்டு வளர்த்தால் ஜே.சி.பி. வாடகையும் மிச்சம், கன்று விலையும் மிச்சம். ரூபாய்க் கணக்கும் காற்றுக் கணக்கும் ஒத்துப்போகிற வரி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.