பொம்மைக் கார் உலோகத்தில் ஒரு பிஸ்டல்

குழந்தைகளின் பொம்மைக் கார் எந்த உலோகத்தில் வார்க்கப்படுகிறதோ, அதே உலோகக் குடும்பத்தில்தான் அமெரிக்காவின் ஹை-பாயிண்ட் நிறுவனத்து சி9 பிஸ்டலின் ஸ்லைடும், அதாவது சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதியும், வார்க்கப்படுகிறது. பெயர் ஸமாக். துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம், துளி மக்னீசியம். 385 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். எஃகு போலக் கடைந்து, ராவி மெனக்கெட வேண்டாம்; அச்சில் ஊற்றினால் ஆயிற்று. ஒஹையோ மாநிலத்துத் தயாரிப்பான இந்த பிஸ்டல் பல காலம் 200 டாலருக்குள் கிடைத்தது அப்படித்தான்.

விலையில் குறைந்தது எடையில் ஏறிவிட்டது. பெரும்பாலான 9 மி.மீ. பிஸ்டல்களில், குண்டு வெளியேறும்வரை ஸ்லைடும் குழலும் பூட்டிக்கொண்டிருக்கும். சி9-இல் அந்தப் பூட்டே கிடையாது. வெடித்ததும் தோட்டாவின் வெற்றுறை பின்னால் உதைக்கும். அதைத் தடுத்து நிறுத்துவது ஸ்லைடின் கனமும் ஸ்பிரிங்கும்தான். துத்தநாகமோ எஃகைவிட அடர்த்தி குறைந்தது. அதே கனம் வேண்டுமென்றால் பருமனாக வார்க்க வேண்டும். செங்கல் போன்ற அந்த உருவத்தைக் கிண்டல் செய்கிறவர்கள் பலர். எனக்கென்னவோ அது நேர்மையான உருவமாகவே படுகிறது.

சிக்கல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வார்ப்புக்குள் காற்றுக்குமிழி ஒளிந்திருக்கலாம். ஈயம் கொஞ்சம் கூடுதலாகக் கலந்துவிட்டால் உலோகம் உள்ளிருந்தே விரிசல் விடும். 1930களின் பொம்மை ரயில்கள் பல இப்படித்தான் உதிர்ந்தன. இல்லினாய் மாநிலம் 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே உருகும் கைத்துப்பாக்கிகளின் விற்பனைக்குச் சட்டத்தால் தடை போட்டது. ஸமாக் அந்த வரம்புக்குக் கீழேயே உருகுவதால் தடைக்குள் வருகிறது.

ஹை-பாயிண்ட் தருவது ஆயுள் வாரண்டி. கைமாறி வாங்கியவருக்கும் செல்லும். தோட்டா சிக்கினால் பெட்டியில் போட்டு அனுப்பலாம், சரிசெய்து திருப்புவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல் சில நூறு தோட்டாக்களைச் சுட்டுக் கோளாறைக் கண்டுபிடிக்கிறவர் வாங்கியவர். தோட்டாச் செலவும் அவருடையதே. பிரிட்டனில் சோதனைச் சாலையில் மிகையழுத்தத் தோட்டாவால் சுட்டுப் பார்த்து முத்திரை குத்தாமல் துப்பாக்கியை விற்க முடியாது. அமெரிக்காவில் அப்படிச் சட்டமில்லை.

சிக்குகிற துப்பாக்கிக்கு வாரண்டி போதும். கீழே விழுந்தாலே சுடுகிற துப்பாக்கிக்கு? பொம்மைக் காரில் குறை இருந்தால் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அதைத் திரும்பப் பெறச் செய்யலாம். துப்பாக்கியை அது தொட முடியாது. ஆணையத்தை அமைத்த 1972 சட்டமே துப்பாக்கிக்கு விலக்கு அளித்துவிட்டது. மிச்சமிருப்பது நீதிமன்றம். பிரேசிலின் டாரஸ் நிறுவனத்து ஒன்பது மாடல் பிஸ்டல்கள் மீது, கீழே விழுந்தால் சுடும் என்ற குற்றச்சாட்டோடுதான் வழக்குப் போனது. தவறை ஒப்புக்கொள்ளாமலே 2015இல் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. சமரசம் தந்தவற்றில் ஒன்று, நீட்டித்த வாரண்டி.