60-ல் நடுங்குது, 80-ல் உதறுது ஸ்டியரிங்! நோய் சக்கரத்திலா, கம்பியிலா?

மணலி,
மணலி மார்க்கெட்டில் இருந்து எம்.எப்.எல். சந்திப்பு வரை கார் பூனை மாதிரி வருகிறது. ஒரு குறையும் தெரியவில்லை. அதே கார் வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஏறி, முள் 60-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் குளிர் ஜுரக்காரன் கை மாதிரி நடுங்குகிறது. 80-ல் உதறுகிறது. 90-ஐத் தொட்டால் சில வண்டிகளில் நடுக்கம் அடங்கியே போகிறது!

இதைப் பார்த்து மிரண்டுபோய் வண்டியை வந்த விலைக்குத் தள்ளியவர்கள் உண்டு. மிரளாமல் ராடு, ராக், ஷாக் அப்சார்பர் என்று ஒவ்வொன்றாக மாற்றி, பணம் கரைந்தும் நடுக்கம் கரையாமல் நிற்பவர்கள் அதைவிட அதிகம்.

பல வண்டிகளில் காரணம் என்ன தெரியுமா? கட்டைவிரல் நகம் அளவு ஈயத் துண்டு ஒன்று ரிம்மில் இருந்து கழன்று விழுந்ததுதான்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

15 வயது தாண்டிய 800

அம்பாசடர் கார் தயாரிப்பு 2014 மே மாதம் உத்தர்பாராவில் நின்றது. மாருதி 800 தயாரிப்பு அதே ஆண்டு ஜனவரியில் நின்றது. சென்னையில் 800-ன் விற்பனை அதற்கு முன்பே, 2010 ஏப்ரலோடு முடிந்தது. புகைக்கான விதி இங்கு கடுமையானதுதான் காரணம். ஆகவே சென்னையில் புதிதாக வாங்கிய கடைசி மாருதி 800-க்கும் 2025-ல் 15 வயது ஆகிவிட்டது. சொந்தக் காருக்கு 15 ஆண்டு முடிந்தால் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, 5 ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

இந்த வயதில் ரப்பர் இறுகும், இரும்பு தேயும். அது இயற்கை. ஆனால் "வயசாச்சு, அப்படித்தான் ஆடும்" என்று சொல்லும் பட்டறையை விட்டு உடனே கிளம்பிவிடலாம். வயதான கார் அதிகம் சத்தம் போடலாம். ஸ்டியரிங்கை உதறக்கூடாது.

இந்த வட்டாரத்துக்கும் சக்கரத்துக்கும் பழைய சொந்தம். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில்தான் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. அதுதான் 1955-ல் அசோக் லேலண்டு ஆனது. திருவொற்றியூரில் 1946-ல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எப்., 1961-ல் டயர் போட்டது. கைத்தேர்ச்சிக்கு இங்கே பஞ்சம் இல்லை. பட்டறைக்குப் போகும் நாம்தான் விஷயத்தைச் சரியாகச் சொல்வதில்லை.

எப்போ ஆடுது?

"வண்டி ஆடுது அண்ணே, பாரு" என்று சாவியைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போகிறோம். அவர் மணலி சந்துக்குள் 25-ல் ஒரு சுற்று சுற்றுகிறார். ஒன்றும் ஆடவில்லை. பிறகு ஊகம்தான். ஊகத்துக்குப் பணம் நம்முடையது.

நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது "எப்போ ஆடுது?" என்பதைத்தான். அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லவேண்டும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டுமா? பிரேக் மிதித்தால் மட்டுமா? பள்ளத்தில் இறங்கி ஏறியதுமா? ஆக்சிலேட்டரை அழுத்தும்போதா? வண்டி நிற்கும்போதே என்ஜினோடு சேர்ந்து ஆடுகிறதா? கடைசியாகச் சொன்னது என்றால் சக்கரத்தை விட்டுவிடுங்கள். அது என்ஜின் மவுண்டிங் ரப்பர் அல்லது என்ஜின் மிஸ்ஸிங் சமாசாரம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆட்டம் கையில் தெரிகிறதா, இடுப்பில் தெரிகிறதா? ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சக்கரம். சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின் சக்கரம். அம்பாசடர், பத்மினி போன்ற பின்சக்கர இழுவை வண்டி என்றால் புரொப்பல்லர் ஷாப்ட் கிராசையும் சந்தேகிக்கலாம். கிளச்சை விடும்போது அடியில் "டொக்" என்று கேட்டால் சந்தேகம் வலுக்கும்.

30 கிராம் அடிக்கும் அடி!

60-ல் தொடங்கி 80-ல் உச்சம் போய் அதற்குமேல் குறைந்தால், முதல் குற்றவாளி வீல் பாலன்ஸ்.

ஒரு சின்னக் கணக்கு. மாருதி 800-ன் 12 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.6 மீட்டர் ஓடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்குச் சுமார் 14 சுற்று. ரிம் விளிம்பில் 30 கிராம் எடை ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால், அந்த வேகத்தில் அது சக்கரத்தை இழுக்கும் விசை சுமார் மூன்றரை கிலோ! வினாடிக்கு 14 தடவை மேலும் கீழும் முன்னும் பின்னும் மூன்றரை கிலோ சுத்தியால் தட்டினால் கை நடுங்காதா?

அதே 30 கிராம் 40 கிலோமீட்டரில் ஒரு கிலோவுக்கும் குறைவாகத்தான் இழுக்கும். வேகம் பாதியானால் விசை கால் பங்கு. மணலிக்குள் தெரியாத நோய் வெளிவட்டச் சாலையில் தெரிவதன் ரகசியம் இதுதான். 90-ல் அடங்குவது ஏன்? முன்பக்க அமைப்புக்கென்று இயல்பான ஒரு தாளம் உண்டு. சக்கரத்தின் அடி அந்தத் தாளத்தோடு ஒத்துப்போகும்போது ஆட்டம் உச்சம். தாண்டியதும் குறைகிறது. அதற்காக நோய் தீர்ந்ததாக நினைத்து 90-லேயே ஓட்டும் மகானுபாவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கும்பிடு!

ரோடு செய்யும் வேலை

எடை எப்படிக் கூடிக் குறைகிறது? மணலியில் அதற்கு ஆயிரம் வழி. காட்டுப்பள்ளி, காமராஜர் துறைமுகங்களில் இருந்து கண்டெய்னர் டிரெய்லர்கள் இரவு பகலாக ஓடும் ரோடு இது. அந்தப் பாரத்தில் உண்டாகும் பள்ளத்தில் 12 அங்குலச் சக்கரம் இறங்கினால் ரிம் உதடு வளையும். ஈயக் கிளிப் தெறித்து விழும். டயருக்குள் இருக்கும் நூல் அறுந்து பக்கத்தில் கொழுக்கட்டை மாதிரி வீங்கும்.

மழைக்காலத்தில் சேறு. 2021 நவம்பரில் கொசஸ்தலை ஆறு பெருகி மணலி புதுநகரில் வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் மழையின்போது எர்ணாவூர், எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீரே வந்தது. அப்படிப்பட்ட தண்ணீரில் நின்ற வண்டியின் ரிம் உள்பக்கம் சேறு காய்ந்து அப்பிக்கொள்ளும். ஒரு கைப்பிடிச் சேறு 30 கிராமை விட எவ்வளவோ அதிகம்! அதோடு எண்ணெய் பட்ட ரப்பர் புஷ்ஷும் பூட்டும் ஊறிப் பொதபொதவென்று ஆகிவிடும். தண்ணீர் புகுந்த பேரிங்கில் கிரீஸ் கெடும்.

மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய காரில் டயர் அடிப்பக்கம் தட்டையாகிவிடும். 2020 ஊரடங்கு முடிந்து வண்டியை எடுத்த பலருக்கு இது தெரிந்திருக்கும். லேசான தட்டை என்றால் கொஞ்ச தூரம் ஓடி டயர் சூடானதும் போய்விடும். போகாவிட்டால் டயரை மாற்றுவதுதான் வழி.

காசில்லாத சோதனை

பட்டறைக்குப் போகும் முன் ஒரு குடம் தண்ணீர் எடுத்து நாலு ரிம்மையும் உள்பக்கமாகக் கழுவுங்கள். காற்றைச் சரிபாருங்கள். டயரை உள்ளங்கையால் சுற்றித் தடவுங்கள். மேடு தட்டுப்பட்டால் அந்த டயருக்கு அன்றோடு ஓய்வு. அதை பாலன்ஸ் செய்து ஓட்டுவது வெடிக்கப்போகும் டயருக்குப் பொட்டு வைப்பது. டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பத்து வருஷ டயரை நம்பாதீர்கள்.

அப்புறம் முன் சக்கரம் ஒன்றைப் பின்னுக்கும், பின் சக்கரத்தை முன்னுக்கும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். ஸ்டியரிங் ஆட்டம் குறைந்து சீட்டில் ஆட்டம் வந்தால் திருடன் அகப்பட்டான். அந்த டயர் அல்லது ரிம்தான். எதை மாற்றியும் ஆட்டம் அப்படியே இருந்தால் நோய் சக்கரத்தில் இல்லை. அச்சிலோ கம்பியிலோ இருக்கிறது.

இங்கேதான் உயிர் இருக்கிறது

மேலே சொன்னதெல்லாம் பணத்தோடு போகும். இரண்டு விஷயம் உயிரோடு விளையாடும்.

ஒன்று, வீல் நட். ரோட்டோரம் பஞ்சர் ஒட்டி மாட்டிய சக்கரம், நாலு நட்டில் இரண்டு சரியாக இறுகவில்லை. எல்லா வேகத்திலும் ஆடும். நாளுக்கு நாள் கூடும். எந்தப் புது ஆட்டம் வந்தாலும் வண்டியை ஓரம் கட்டி முதலில் ஸ்பானரை எடுங்கள். எதிரெதிராக இறுக்குங்கள்.

இரண்டாவது, டை ராடு எண்டும் பால் ஜாயிண்டும். பழைய அம்பாசடர், பத்மினி என்றால் கிங் பின். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புவது இந்தக் குண்டுகளை நம்பித்தான். பள்ளத்தில் விழுந்த பிறகு ஸ்டியரிங் சில நொடி படபடவென்று அடித்துக்கொண்டால் இவற்றைச் சந்தேகியுங்கள். குண்டு தேய்ந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்தால் ஒரு சக்கரம் ஒரு பக்கம், இன்னொன்று இன்னொரு பக்கம்! பொன்னேரி நெடுஞ்சாலையில் பின்னால் 40 அடி கண்டெய்னர் வரும்போது அது நடந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

சோதனை சுலபம். சமதரையில் ஜாக்கி போட்டுத் தூக்கி, கீழே ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே கை, கால் விடவேண்டாம். சக்கரத்தைக் கடிகாரத்தில் 12-ம் 6-ம் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின். அடுத்து 9-ம் 3-ம் இருக்கும் இடம். அங்கே மட்டும் ஆடினால் டை ராடு எண்டு அல்லது ராக். ஆட்டம் தெரிந்த வண்டியை வெளிவட்டச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். கிட்டத்தில் உள்ள பட்டறைக்கு மெதுவாகப் போங்கள்.

விலைக்குப் பயந்து புதுப்பேட்டையில் கழற்றிய எண்டு வாங்கி மாட்டுவதும் நடக்கிறது. கதவு, பம்பர், கண்ணாடி அங்கே தாராளமாக வாங்கலாம். ஸ்டியரிங் குண்டு மட்டும் புதுசாக இருக்கட்டும்.

பிரேக்கில் மட்டும் ஆடினால்

ஓடும்போது சாது, பிரேக் மிதித்தால் மட்டும் உதறல் என்றால் டிஸ்க் சமமாகத் தேயவில்லை. மாருதி 800-க்கு முன்னால் டிஸ்க். பத்மினிக்கு நாலும் டிரம். டிரம் வட்டம் தப்பினாலும் இதே கதை. லேத்தில் கடைந்து சரிசெய்யலாம். ஆனால் குறைந்தபட்ச கனம் ஒன்று உண்டு. அதற்குக் கீழே போன டிஸ்க்கைக் கடையச் சொல்லாதீர்கள்.

ஆக்சிலேட்டர் அழுத்தும்போது மட்டும் நடுங்கி, காலை எடுத்ததும் நின்றால் 800-ல் உள்பக்க ஆக்சில் ஜாயிண்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அலைன்மெண்டு போர்டு

மாதவரம் ரவுண்டானாவில் இருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் "வீல் அலைன்மெண்ட்" போர்டு கண்ணில் படும். ஸ்டியரிங் ஆடினால் நேரே அங்கேதான் போகிறோம். அலைன்மெண்டு தப்பினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். அதனால் மட்டும் ஸ்டியரிங் உதறாது. கோணலாகத் தேய்ந்த டயர் பிற்பாடு ஆட்டம் கொடுக்கும். தேய்ந்த எண்டை வைத்துக்கொண்டு அலைன்மெண்டு பார்ப்பதும் வீண். கடையில் சரியாகக் காட்டும். முதல் பள்ளத்தில் மறுபடி கோணும்.

முதலில் சக்கரம், பிறகு குண்டும் பேரிங்கும், கடைசியில் அலைன்மெண்டு. பாலன்ஸ் மிஷினில் சக்கரம் சுற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ரிம் விளிம்பு இப்படி அப்படி அலைந்தால் "எடை போட்டா சரியாயிடும் சார்" என்ற பேச்சை ஏற்காதீர்கள். வளைந்த ரிம்முக்கு எத்தனை ஈயம் ஒட்டினாலும் நிற்காது. மாட்டிய பிறகு 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளுக்கு இன்னொரு தடவை ஸ்பானர் போட்டுப் பாருங்கள்.