கொக்கியில் தொடங்கும் பாடம்

சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் பின்னங்களுக்கு ஒரு சிறுதேர்வு வைத்தேன். '34-இல் நான்கில் ஒரு பங்கு எவ்வளவு?' என்பது முதல் கேள்வி. ஒரு மாணவி அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். மொத்தம் 25-க்கு 3 மதிப்பெண். முதல் பாடவேளையிலேயே கண் சொக்கும் பிள்ளை அவள். மதிப்பெண் அட்டையில், 'வீட்டில் படிப்பதில்லை' என்று எழுதி அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து, ரவிக்கை தைக்கக் கொடுப்பதற்காகத் திண்டிவனத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். வேறொருவரின் அளவு ரவிக்கையை விரித்து நாடாவால் அளந்தவர், "முப்பத்திநாலு" என்றார். கதவோரம் கொக்கி வைத்துக்கொண்டிருந்த பிள்ளை, தலையை நிமிர்த்தாமலேயே, "எட்டரை. தையலுக்கு விட்டா பத்தும்மா" என்றாள்.

துணியை மடித்துப் போட்டு வெட்டுவதால் சுற்றளவில் கால் பங்கைத்தான் குறிக்க வேண்டும். 34-இல் கால் பங்கு எட்டரை அங்குலம். தையலுக்கும் தளர்வுக்கும் ஒன்றரை அங்குலம் சேர்த்தால் பத்து. தேர்வில் வெறுமையாக விட்ட விடையை அவள் என் முன்னாலேயே சொல்லிவிட்டாள். தவறு எங்கே இருக்கிறது என்று அன்றுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

"இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன். "யாரும் உட்கார வச்சு சொல்லித் தரலை டீச்சர். முதல்ல கொக்கி வைப்பா, அப்புறம் ஓரம் மடிச்சுத் தைப்பா. எங்க அம்மாகிட்ட நானும் அப்படித்தான் கத்துக்கிட்டேன்" என்றார்.

எனக்கு என் ஆயாவின் நினைவு வந்தது. விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் கிழிந்த பருத்திப் புடவை எதையும் எறிய மாட்டார்கள். மூன்று நான்கு புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓட்டுத் தையல் போட்டுப் போர்வையாக்குவார் ஆயா. பிறந்த குழந்தையைக் கிடத்தவும் அதுதான், மார்கழிக் குளிருக்குப் போர்த்தவும் அதுதான். நான்கு ஓரங்களையும் தானே தைத்துவிட்டு, நடுவில் ஒரு வரிசையை என்னிடம் விடுவார். என் தையல் கோணலாகத்தான் போகும். ஆனால் அந்தப் போர்வை கெட்டுப்போகவில்லை. கோணல் தையலோடு பல ஆண்டுகள் புழங்கினோம்.

இந்த வரிசைமுறையைக் கவனித்து எழுதியவர் ஜீன் லேவ் என்ற அமெரிக்க மானிடவியலாளர். 1970-களில் ஆப்பிரிக்காவின் லைபீரியா நாட்டில், தையற்காரர்களிடம் தொழில் பழகுபவர்களை அவர் ஆராய்ந்தார். அங்கே உடை தயாராகும் வரிசையும் அதைக் கற்கும் வரிசையும் தலைகீழாக இருந்தன. உடை தயாராவது வெட்டுதல், தைத்தல், கடைசி வேலைகள் என்ற வரிசையில். கற்பதோ கடைசி வேலைகளில் தொடங்கி, தைப்பதற்கு வந்து, வெட்டுவதில் முடிந்தது. நம் ஊர்த் தையற்கடைகளிலும் சிறுவர்கள் 'காஜா பையன்' என்ற பெயரோடுதான் நுழைந்தார்கள். கத்தரிக்கோல் கைக்கு வர ஆண்டுகள் ஆகும்.

இதற்குக் காரணங்கள் உண்டு. கொக்கி கோணலானால் பிரித்து மறுபடி வைக்கலாம்; துணியைத் தவறாக வெட்டினால் துணியே போய்விடும். ஆகவே, தவறினால் நட்டம் குறைவான இடத்தில் கற்றல் தொடங்குகிறது. மேலும், கடைசி வேலையைச் செய்பவர் முழு ரவிக்கையையும் கையில் பிடித்துப் பார்க்கிறார். எந்தத் துண்டு எங்கே சேர்ந்திருக்கிறது என்பது, வெட்டப் பழகுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அத்தோடு, அவர் செய்தது உண்மையான வேலை. அதை நாளை ஒருவர் உடுத்தப்போகிறார்.

வங்காளத்துக் கந்தா தையல் பழம்புடவைகளில் பிறந்ததுதான். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இனப் பெண்கள் பழந்துணித் துண்டுகளை இணைத்து 'கவந்தி' என்ற போர்வை தைக்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் தாயிடமும் பாட்டியிடமும் பழகித் தைத்த போர்வைகள், 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

வீட்டுக் கல்வியில் எல்லாமே நன்று என்று நான் சொல்லவில்லை. பெண்பிள்ளை கையில் ஊசியைக் கொடுக்கும் வீடு, ஆண்பிள்ளைக்குப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. எட்டரை என்று வாயால் சொன்ன என் மாணவிக்கு, அதை 34 ÷ 4 என்று எழுதத் தெரியவில்லை. அதைக் கற்றுத்தருவது பள்ளியின் வேலை. இன்னொன்றும் உண்டு. வகுப்பில் அவள் தூங்கியதற்குக் காரணம், பண்டிகைக் காலத்தில் இரவு பதினொரு மணிவரை கொக்கி வைத்தது. பழகுவது வேறு, தூக்கத்தை இழந்து உழைப்பது வேறு. அதை அவள் அம்மாவிடம் பக்குவமாகச் சொன்னேன். பள்ளி நாட்களில் எட்டு மணிக்கு மேல் ஊசி எடுக்க விடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

வகுப்பில் நான் இரண்டு மாற்றங்கள் செய்தேன். முதலாவது, தையல் நாடா. அதன் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். பழைய செய்தித்தாளை நான்காக மடித்து ரவிக்கையின் அளவு குறிப்பதை அந்த மாணவியே எல்லோருக்கும் செய்துகாட்டினாள். அரை, கால், அரைக்கால் எல்லாம் நாடாவில் கண்ணுக்குத் தெரிந்தன. மாணவர்களும் குறித்தார்கள்.

இரண்டாவது, கொக்கியிலிருந்து தொடங்குவது. பின்னக் கணக்கைக் கரும்பலகையில் படிப்படியாகச் செய்து, கடைசிப் படியை மட்டும் காலியாக விடுவேன். அதை எல்லோராலும் முடிக்க முடிந்தது. மறுநாள் கடைசி இரண்டு படிகள், பிறகு மூன்று. ஒரு வாரத்தில் முழுக் கணக்கும் அவர்கள் கைக்கு வந்தது. முன்பெல்லாம் முதல் படியிலேயே திகைத்து நின்றவர்கள் இப்போது முயன்றாவது பார்க்கிறார்கள். அடுத்த தேர்வில் அவள் பெற்றது 14. பெரிய மதிப்பெண் இல்லைதான். ஆனால் எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடவில்லை.

நம் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடையைத் தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். அவர்களில் சிலர் நம் மாணவர்களின் தாய்மார்களாகவும் இருக்கலாம். தையல் இல்லாத வீட்டில் பாய் நெசவு இருக்கும், பூக்கட்டு இருக்கும், கடைக்கணக்கு இருக்கும். இந்த ஆண்டு பள்ளி திறந்த முதல் நாளில், வருகைப் பதிவு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையிடமும், "உன் வீட்டில் யாரிடம் என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டேன். விடைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மதிப்பெண் அட்டையில் குறிப்பு எழுதும் முன் இப்போது அந்த நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுகிறேன்.