சாரல் எத்தனை கிலோமீட்டர்?

ஆடி மாதம் ஒரு நடுப்பகலில் திருநெல்வேலியில் தென்காசி பஸ் ஏறினேன். ஆலங்குளம் வரைக்கும் வெயிலும் புழுதியும்தான். பாவூர்சத்திரம் தாண்டும்போது குளிர்ந்த காற்று ஜன்னல் வழியாக உள்ளே புகுந்து மடியில் இருந்த செய்தித்தாளைப் பிடுங்கப் பார்த்தது. தென்காசியில் இறங்கியபோதும் வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மூக்குக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாக ஈரம். அண்ணாந்து பார்த்தால் நேர் மேலே மேகமே இல்லை. மேற்கே மலை உச்சியில் மட்டும் பஞ்சுப் பொதி மாதிரி ஒரு வரிசை உட்கார்ந்திருந்தது.

“தண்ணி விழுதா?” என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன். சீசனில் அந்த ஊரில் கால் வைக்கிற யாரும் கேட்கிற முதல் கேள்வி அது.

“தண்ணி கெடக்கட்டும் அண்ணாச்சி, சாரல் இருக்கு. ஏறுங்க.”

அவர் சொன்ன வரிசைதான் சரி என்று பிறகு புரிந்தது. தென்காசிக்குப் போகிறவர்கள் பக்கத்துக் குற்றாலத்தில் அருவியில் குளித்துவிட்டு, பரோட்டா தின்றுவிட்டு ஊர் திரும்புகிறார்கள். இரண்டும் செய்ய வேண்டியவைதான். ஆனால் அந்த ஊரில் பார்க்க வேண்டிய பெரிய அதிசயம் காற்று. கண்ணுக்குத் தெரியாத அதன் உருவத்தை ஐந்தாறு கிலோமீட்டருக்குள் உடம்பாலேயே தடவிப் பார்த்துவிடலாம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கேரளத்தைக் கடந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டுகிறது. போக வேறு வழி இல்லாததால் மேலே ஏறுகிறது. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் காற்று விரிந்து குளிர்கிறது. நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி. ஒரு கட்டத்தில் அதற்குமேல் ஈரத்தை ஆவியாகவே வைத்திருக்க முடியாமல் மேகமாகிறது. ஆவி நீராகும்போது வெப்பத்தை வெளிவிடும் என்பதால், அதன்பின் குளிர்ச்சி ஏறக்குறைய பாதி வேகத்துக்குக் குறைந்துவிடும். மழையில் பெரும் பங்கு மேற்குச் சரிவிலேயே இறங்கிவிடுகிறது. உச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும் காற்றோ வழி நெடுக நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி என்று சூடேறுகிறது. ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது பெறுவது அதிகம். அதனால்தான் சமவெளிக்கு அது வெந்து காய்ந்து வந்து சேர்கிறது.

இதை நம் முன்னோர் அளந்து பார்க்கவில்லை, பெயர் வைத்துவிட்டார்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல். மேற்கிலிருந்து வருவதற்கு மட்டும் கோடை என்று பெயர். கேரளத்துக்கு மழை கொண்டுவரும் அதே காற்றுக்கு நாம் வெயில் காலத்தின் பெயரை வைத்திருக்கிறோம். மலைக்கு இந்தப் பக்கம் நின்று வைத்த பெயர் அது.

அப்படியானால் தென்காசிக்கு மட்டும் என்ன சலுகை? மலையில் ஒரு சந்து. இருபுறமும் மலை ஆயிரம் மீட்டரைத் தாண்டி நிற்க, செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவு வழியாக ஒரு தாழ்ந்த கணவாய் திறந்து கிடக்கிறது. காற்றின் ஒரு பகுதி உச்சிவரை ஏறாமலேயே அந்த வழியாக நுழைந்துவிடுகிறது. அதிகம் ஏறாததால் அதிகம் காய்வதும் இல்லை. குழாய் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீறிடுவதுபோல, இடுக்கில் நுழைந்த காற்று வேகமும் எடுக்கிறது. ஆலங்குளம், சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவது இதன் தயவில்தான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் கிடைக்கும் ஆற்றல் எட்டு மடங்கு. ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, மின்சாரம் வருகிறது.

சாரலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. துளியின் அளவு. கோடை இடிமழையின் துளி மூன்று மில்லிமீட்டர் இருக்கும், நொடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில் விழும். சாரல் துளி அரை மில்லிமீட்டர்தான், நொடிக்கு இரண்டு மீட்டர். ஊரைவிட ஆயிரம் மீட்டர் உயரத்தில், மலை உச்சி மேகத்திலிருந்து இரண்டும் ஒரே நேரத்தில் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். காற்று நொடிக்குப் பத்து மீட்டர். பெரிய துளி இரண்டே நிமிடத்தில், ஒன்றேகால் கிலோமீட்டருக்குள் தரை தொட்டுவிடும். சின்னத் துளிக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் காற்று அதை ஐந்து கிலோமீட்டர் கடத்திக்கொண்டு போய்விடும். முரட்டுக் கணக்குதான். ஆனால் குற்றாலத்திலிருந்து தென்காசி ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். பெரிய துளிகள் மலையிலேயே விழுந்து அருவியாகின்றன. சின்னவை ஊருக்குள் வந்து மூக்குக்கண்ணாடியில் உட்காருகின்றன. அதற்கும் கிழக்கே போகப் பார்ப்பவை வழியிலேயே ஆவியாகிவிடுகின்றன. அப்படி ஆவியாகும்போது மண்பானையைப்போலக் காற்றைக் குளிர வைத்துவிட்டுப் போகின்றன. பாவூர்சத்திரத்தில் ஈரம் இல்லாமல் குளிர்காற்று மட்டும் அடித்ததன் ரகசியம் இதுதான். மலையின் சரிவுக்கும் சாரல் என்றுதான் பெயர், அங்கிருந்து சாய்ந்து வரும் தூறலுக்கும் சாரல் என்றுதான் பெயர். இடத்தையும் மழையையும் ஒரே சொல்லுக்குள் வைத்த மொழி நம்முடையது.

ஊரில் இருக்கிற நாட்களில் ஒருநாளாவது காலையில் சீக்கிரம் எழுந்துகொள்ளுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் கிழக்கே, தூறல் முகத்துக்கு நேரே மேற்கே. வானவில்லுக்கு வேறென்ன வேண்டும்? சூரியன் 42 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் வில் தொடுவானுக்குக் கீழே போய்விடும், எனவே ஒன்பது மணிக்குள் பார்த்துவிட வேண்டும். குற்றால மலையின் கரும்பச்சைமேல் அது விழும்போது, வெறும் வானத்தில் பார்த்ததைவிடப் பளிச்சென்று இருக்கும்.

குற்றாலம் பேரருவிக்கும் போகாமல் முடியாது. அங்கே என் கண் கூட்டத்துக்கு மேலே, பாதி உயரத்தில் நின்றது. மேலிருந்து வரும் சிற்றாறு நேராகத் தரைக்கு வருவதில்லை. பாறையில் குடைந்த ஆழமான பள்ளம் ஒன்றில் விழுந்து, அங்கே பொங்கி, அப்புறம்தான் கீழே வழிகிறது. பொங்குமாங்கடல் என்பார்கள். ஐம்பது மீட்டர் தடையில்லாமல் விழும் நீர், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம் எடுத்துவிடும். அதன்கீழ் யாரும் தலையைக் கொடுக்க முடியாது. அந்தப் பள்ளம் வேகத்தை விழுங்கிக்கொண்டு மிச்சத்தை அனுப்புகிறது. அந்த மிச்சமே தோளில் கும்மாங்குத்து குத்துகிறது. மூலிகைத் தண்ணீர் தீராத நோயெல்லாம் தீர்க்கும் என்று எண்ணெய் தேய்ப்பவர் சொல்வார். தலையாட்டிவிட்டு நகரலாம். அந்தக் குத்துக்கே வந்த அலுப்பு போய்விடும்.

தடை போட்டிருந்தால் மட்டும் போலீஸ்காரரிடம் வாதாடாதீர்கள். சாரல் காலத்து நீர் பெரும்பாலும் நிதானமாக ஏறும். கோடை இடிமேகம் அப்படியல்ல, மலைக்குள் எங்கோ ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் அப்படித்தான் ஒரு சிறுவன் போனான்.

வழியில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து விற்கிறார்கள். ஈரம் குறையாத மலையடிவாரம் கேட்கும் மரங்கள் அவை. ஆலங்குளத்துச் செம்மண்ணில் வைத்தால் அழுதுவிடும்.

காற்று போகும் கணவாயை நேரில் பார்க்க ஆசைப்பட்டால் செங்கோட்டையிலிருந்து புனலூர் பக்கம் ரயில் ஏறலாம். 1904-இல் போட்ட மலைப்பாதை, 2018-இல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. பகவதிபுரம் தாண்டி ஒரு நீண்ட சுரங்கம். நான் போன அன்று இந்தப் பக்கம் வெயிலும் தூறலும். இருட்டுக்குள் நுழைந்து ஆரியங்காவுப் பக்கம் வெளியே வந்தால் அடைமழை. எதிர்சீட்டுப் பாட்டி சிரித்துக்கொண்டே ஜன்னலை இறக்கிவிட்டார், பழகியவர்.

சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களை விட்டுவிடக் கூடாது. கேரளத்திலிருந்து வேன் வேனாக வந்து படம் எடுக்கிறார்கள். எல்லாப் படத்திலும் பூக்கள் முகம் காட்டி நிற்கும், பின்னால் மலை இருக்கும். எப்படி இவ்வளவு ஒத்துழைப்பு என்று யோசித்தேன். இளம் செடிதான் சூரியனோடு திரும்பும். பூ முதிர்ந்ததும் கிழக்கு பார்த்து நின்றுவிடும். காலை வெயிலில் சீக்கிரம் சூடேறும் பூவைத் தேனீ அதிகம் தேடி வரும். இங்கே மலை மேற்கில். ஆக, பூவின் முகத்தைப் பார்த்து நிற்கிற எவருக்கும் பின்னணியில் மலை தானாகவே வந்துவிடும். மலை கிழக்கே இருந்திருந்தால் பூக்களின் முதுகைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கடைசியாகத் தென்காசி காசிவிசுவநாதர் கோயில். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. நெடுங்காலம் சிதைந்து நின்ற ராஜகோபுரத்தைப் புதுப்பித்து 1990-இல் குடமுழுக்கு நடத்தினார்கள். ஒன்பது நிலை, ஏறத்தாழ 180 அடி, கிழக்கு பார்த்தது. அந்த வாசலைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. உள்ளே நுழைகிறவரைக் காற்று முதலில் எதிர்த்துத் தள்ளும், நடுவாசல் தாண்டியதும் அதே காற்று பின்னாலிருந்து உள்ளே தள்ளிவிடும் என்பார்கள். நான் நம்பவில்லை. நடந்தேன், தள்ளியது.

உயரமான கட்டடங்களின் அடியில் இப்படி நடப்பது பொறியாளர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். மேற்கிலிருந்து வரும் காற்று கோபுரத்தின் உள்முகத்தில் மோதுகிறது. மோதியதில் ஒரு பகுதி சுவரோடு கீழே இறங்கி, தரையில் பட்டு, வந்த வழியே மேற்காகச் சுருண்டு திரும்புகிறது. அதுதான் பின்னாலிருந்து தள்ளுவது. இன்னொரு பகுதி அழுத்தம் தாங்காமல் வாசல் துவாரம் வழியாகத் தெருவுக்குப் பாய்கிறது. அது எதிர்த்துத் தள்ளுவது. கட்டியவர்கள் தெரிந்து செய்தார்களா, தற்செயலா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நல்லவேளை.

இத்தனையும் மனதுக்குள் விளக்கிக்கொண்டே வெளியே வந்தவன், கோபுரத்துக்கு உள்பக்கம், கிழக்கு பார்த்து நின்று திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். முழுவதும் என் கண்ணுக்குள் வந்தது. பத்தடி தள்ளி வாசலுக்குள் பிரித்திருந்தால் தெருவுக்குப் போயிருக்கும்.